புசானுக்கு அனுப்பு, கண்ணு

அன்புள்ள கண்ணு,

படத்தைக் கொரியாவின் புசான் திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமா என்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுகிறேன். அனுப்பு. புசானுக்கே முதலில் அனுப்பு.

பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவில் எங்கும் திரையிடாத படத்துக்குத்தான் மதிப்பு. புசான் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும். நம்ம திருவனந்தபுரம் விழா டிசம்பரில். அங்கே காட்டியதை இங்கே கொண்டுவரலாம், இங்கே காட்டிவிட்டு அங்கே போவது கஷ்டம். பணம் போட்ட தம்பி சொல்கிறபடி இப்போதே யூடியூபில் ஏற்றிவிட்டால் அப்புறம் பெரிய விழாப் போட்டிகளுக்குக் கொடுப்பது கஷ்டம். பதில் வரும்வரை பொறுக்கச் சொல். அவருடைய அவசரம் புரிகிறது, ஆனால் படம் எங்கேயும் ஓடிப்போகாது.

"பாலக்காட்டு எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக் கதை கொரியாவில் யாருக்கும்மா வேணும்?" என்றாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1996இல் தொடங்கியதிலிருந்தே ஆசியாவின் புது இயக்குநர்களைத் தேடிப்பிடித்த விழா அது. முதல், இரண்டாம் படம் எடுத்தவர்களுக்கென்றே நியூ கரண்ட்ஸ் என்று தனிப்போட்டி வைத்திருந்தார்கள். 2025இல், முப்பதாவது விழாவில், போட்டியை ஆசியப் படங்களுக்குப் பொதுவாக்கிவிட்டார்கள். மூத்தவர்களோடு நிற்க வேண்டியிருக்கும், உண்மைதான். போட்டிக்கு வெளியேயும் அங்கே இடம் உண்டு. 2019இல் பிரதீப் குர்பா ஷில்லாங் சந்தையை வைத்து எடுத்த, மேகாலயாவின் காசி மொழிப் படத்துக்கு அங்கே கிம் ஜிசோக் விருது கொடுத்தார்கள். காசி பேசுகிறவர்களை விட நாம் எத்தனை மடங்கு பேர்!

பாளை சீவுகிற காட்சியைப் பாதியாக வெட்டவா என்று கேட்டாயே, அதற்குத்தான் தூக்கம் வரவில்லை. வெட்டாதே. கள் இறக்குகிற அவர் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாளையைத் தட்டுகிறார், ஒரே சீராக, அவசரமில்லாமல். அப்புறம் கத்தியால் நுனியில் காகிதம் மாதிரி ஒரு சீவல். காத்திருக்கிறார். ஒரு துளி திரண்டு, தயங்கி, கலயத்துக்குள் விழுகிறது. அந்தத் துளி விழும்வரை கேமரா அசையவில்லை பார், அங்கேதான் நீ இயக்குநர் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின காட்சியில் அவர் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார். இந்த நீளம் இருந்தால்தான் அந்தக் கால் எவ்வளவு நேரம் மரத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறவருக்கு வலிக்கும். தேர்வுக்குழுவுக்குப் பொறுமை இருக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் கை வைக்காதே.

சப்டைட்டிலில் கை வை. அது உடனே ஆக வேண்டிய வேலை. கள்ளு ஷாப்பில் அவர் மலையாளம் பேசுகிறார், மகளிடம் தமிழ். நமக்குக் காதிலேயே தெரிந்துவிடும். கீழே எல்லாம் ஒரே வெள்ளை எழுத்தாக ஓடினால் வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? மலையாள வசனத்தைச் சாய்வெழுத்தில் போடு. இன்னொன்று, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புக் கள் வண்டி வண்டியாகக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1987 முதல் கள்ளுக்குத் தடை. அவர் வீடு அங்கே, மரம் இங்கே. படத்தின் முடிச்சே இதுதான், ஆனால் தெரியாதவருக்கு அது எங்கேயும் புரியவில்லை. முதல் காட்சிக்கு முன்னால் ஒரே வரி போட்டால் போதும்.

எடுத்துக்கொள்ளவில்லை என்றால்? மனசு கஷ்டப்படும், எனக்கும்தான். ஆனால் திருவனந்தபுரத்தில் போட்டிப் பிரிவே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. டிசம்பரில் டாகூர் தியேட்டர் வாசலில் நிற்கிற வரிசையை உனக்குத் தெரியும். காலையில் சாப்பிடாமல் வந்து நின்று, படம் முடிந்ததும் இயக்குநரைப் பிடித்துச் சண்டை போடுகிற கூட்டம். உன் படத்தை அவர்கள் நடுவில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. அது இரண்டாம் இடம் இல்லை, நாள் கணக்கில் பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

இந்த வருஷத்து விதிமுறையை நீயே முழுசாகப் படி. கடைசி நாளுக்குத் தள்ளாதே, அன்றைக்குத்தான் இணையம் படுத்தும். நுழைவுக் கட்டணம் எதற்காவது கட்ட வேண்டியிருந்தால் என் பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன், கடன் வாங்காதே. சப்டைட்டில் கோப்பை இந்த வாரமே எனக்கு அனுப்பிவை. மலையாளப் பகுதியை நான் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அப்பா கேட்டதாகச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா