இரவில் இன்னொரு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களின் மனநலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவர்கள் போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் மருத்துவர் கொடுத்த சீட்டோடு அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பி வந்து படுக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் ஒன்பது வருடமாக இரவு வேலை பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரில் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு மாடி வீடு. இருபதிலிருந்து இருபத்தெட்டு வயதுக்குள் எட்டுப் பேர். மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள், பெற்றோர் வீட்டுக்குப் போக முடியாது, தனியாக ரூம் எடுக்கவும் இன்னும் தைரியம் வரவில்லை. மூன்று பேர் வேலைக்குப் போகிறார்கள், ஒருத்தி தபாலில் பி.காம். படிக்கிறாள். இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. மெடிகோ பாஸ்டரல் அசோசியேஷன், ரிச்மண்ட் ஃபெலோஷிப் போன்ற அமைப்புகள் எத்தனையோ வருடமாக இங்கே ஹாஃப்வே ஹோம், அதாவது ஆஸ்பத்திரிக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே தங்கும் இந்த மாதிரி வீடுகள், நடத்துகின்றன. சென்னையில் பேன்யன் என்ற தொண்டு நிறுவனம் 2015-ல் ஆரம்பித்த 'ஹோம் அகெய்ன்' வீடுகளில் நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

நான் சமையலுக்குத்தான் சேர்ந்தேன். இரவுக்கு இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "நீங்களே இங்க படுத்துக்கங்க ஆன்ட்டி" என்றார்கள். அதுதான் என் வேலை நியமன உத்தரவு. மூன்றாவது வருடம் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு முன்பு சாவு என்ற வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டேன், நாம் கேட்டால் அந்த நினைப்பை நாமே மூட்டிவிட்டதாக ஆகுமோ என்ற பயம். அப்படி ஆகாது, நேராகக் கேளுங்கள், கேட்டால் பாரம்தான் இறங்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளத்தை விடப் பெரிய சொத்து அது. (சம்பளத்தைப் பற்றி வேறொரு கடிதம் எழுத வேண்டும்.)

போன மழைக்காலத்தில் ஓர் இரவு. மணி இரண்டேகால். அடுப்படி வாசலில் ஒரு தம்பி வந்து நின்றான். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. என்னிடம் எப்போதும் ஒரு முறம் பூண்டு இருக்கும். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும் என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் உரித்த பூண்டுக்குப் பஞ்சமே வந்ததில்லை. உட்கார்ந்தான். பத்துப் பல் உரித்த பிறகு கேட்டேன், "சாகணும்னு தோணுதாப்பா?" தலையை நிமிர்த்தாமல் "ஆமா ஆன்ட்டி" என்றான். சட்டைப் பையில் வைத்திருந்ததை எடுத்து மேடைமேல் வைத்தான். அதை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அரசின் மனநல உதவி போன் டெலி மானஸ், அதன் எண் 14416 சுவரில் ஒட்டியிருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் நடக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையனுக்கு அந்த நேரத்தில் கன்னடமோ இங்கிலீஷோ எப்படி வரும்? போனில் பேசிய பெண் நிதானமாகப் பேசினாள். முக்கால் மணி நேரம் பேசினான். அதுவரை நல்லதுதான்.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் மாடியில் இன்னொரு பெண் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டாள். யாரோ கேட்டைத் திறக்கும் சத்தம். நான் அடுப்படியை விட்டு நகர முடியாது. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவெல்லாம் திறந்திருக்கும், ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். ஆனால் யார் கூட்டிப் போவது? நான் போனால் ஏழு பேர் தனியாக. போகாவிட்டால் இவன். காலை ஐந்து மணிக்குக் கே.ஆர்.புரத்திலிருந்து அவன் சித்தி வந்து கூட்டிப் போகும் வரை நான் மூச்சே விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்தியைக் கூப்பிடச் சொன்னதும் அவன்தான், இரண்டு மாதம் முன்பு தெளிவாக இருந்தபோது. முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் தாளில், "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம். சித்திக்குச் சொல்லுங்க. தொடாதீங்க. காக்கிச் சட்டை வேண்டாம்." 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கென்று முறையான முன்கூட்டிய உத்தரவு உண்டு, சாட்சியோடு பதிவு செய்ய வேண்டும். எங்கள் தாள் அதற்குச் சின்னத் தங்கச்சி.

இந்த இடத்தில், அதே இதழில் "இப்படிப்பட்டவர்களைப் போலீசில் ஒப்படைப்பதே நல்லது" என்று எழுதிய வாசகருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உயிரை விட முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. ஊரோடு சேர்ந்து வாழும் உரிமை 19-வது பிரிவில் இருக்கிறது. ஹாஃப்வே ஹோம், துணையோடு வாழும் வீடு எல்லாம் அரசு ஏற்பாடு செய்ய வேண்டியவை என்று 18-வது பிரிவு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இதையெல்லாம் அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள், அதனால் எனக்கு மனப்பாடம்.

போன வருடம் வீட்டைப் பார்க்க ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கட்டில் எண்ணினார்கள், கக்கூஸ் பார்த்தார்கள், தீயணைக்கும் சிலிண்டரில் தேதி பார்த்தார்கள். இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. நான் காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள்.

கல்லூரி, கோச்சிங் சென்டர் ஊழியர்கள் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதாகப் படித்தேன். எனக்கு ஒன்பது வருடத்தில் இரண்டு நாள். அதைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரவுக்கு இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும். ஒருவர் அடுப்படியில் இருந்தால் இன்னொருவர் மாடிக்குப் போக முடியும், ஆட்டோவில் ஏற முடியும். மறுநாள் ஒரு மணி நேரமாவது நான் தூங்க முடியும்.

மறுபடி இதைப் பற்றி எழுத நிருபரை அனுப்பினால் பகலில் அனுப்பாதீர்கள். பகலில் எல்லோரும் நன்றாகத்தான் இருப்போம். பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். உரிக்கப் பூண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம், பிள்ளைகளை அடையாளம் தெரிந்துவிடும்)
பெங்களூரு