அந்தக் கணக்கை நீக்குங்கள்

உயிரியல் துணைக் கையேடு தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தில் நீங்கள் சேர்த்திருக்கும் நிகழ்தகவுக் கணக்கைப் பற்றி ஆசிரியர்கள் பலமுறை எழுதிவிட்டோம். புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் 100 தற்செயலாக ஒரே சரியான வரிசையில் கூடும் வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 130 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒன்றுதான், ஆகவே உயிரை ஓர் அறிவு வடிவமைத்திருக்க வேண்டும் என்கிற கணக்கு அது. பதில் வரவில்லை.

சென்ற தேர்வில், எளிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை உண்டாக்கி 1953-ல் ஸ்டான்லி மில்லர் வெளியிட்ட சோதனையை விளக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி இரண்டு வரி எழுதிவிட்டு, ஒன்று போட்டு அதன் பின்னால் 130 சுழியங்களை எழுதியிருந்தாள். நான்கு வரி முழுக்கச் சுழியம். கீழே, “ஆகவே உயிரை ஓர் அறிவு வடிவமைத்திருக்க வேண்டும்” என்று முடித்திருந்தாள். நான் மதிப்பெண் போடவில்லை. “கையேட்டில் இருக்கிறதைத்தானே டீச்சர் எழுதினேன்?” என்று கேட்டபோது அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. அவள் கேட்டதில் என்ன தப்பு?

பெருக்கல் சரிதான். 20 வகை அமினோ அமிலங்கள், 100 இடங்கள், ஆகவே 20-ஐ நூறு முறை பெருக்கியிருக்கிறீர்கள். ஆனால் முழுப் புரதமும் ஒரே வீச்சில், கண்மூடித்தனமாகக் கூடியது என்று எந்த ஆய்வாளர் சொன்னார்? குறிப்பிட்ட ஒரே வரிசைதான் வேலை செய்யும் என்பதும் உண்மையல்ல. செல் ஆற்றல் பெற உதவும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைப் பாருங்கள்: மனிதனுடையதும் ஈஸ்ட்டினுடையதும் பல இடங்களில் வேறுபடுகின்றன, செய்வது ஒரே வேலை. புரதம்தான் முதலில் வந்தது என்றும் இல்லை. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில், அமினோ அமிலங்களைக் கோக்கும் மையமே புரதத்தால் அல்ல, டி.என்.ஏ.வை ஒத்த ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறால் ஆனது என்று 2000-ல் தெளிவானது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கணக்கை நீக்குங்கள்.

முதல் உயிர் எப்படி உண்டானது என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. அதை வகுப்பில் அப்படியே சொல்கிறேன். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். தெரியாத இடத்தில் பெரிய எண்ணைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கிறீர்கள்.

அடுத்த பக்கத்தில், பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழை. ஒரு பாகம் போனாலும் அது இயங்காது, ஆகவே அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹி 1996-ல் முன்வைத்த வாதம் அப்படியே இருக்கிறது. கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களை ஒத்தவை, சில பாக்டீரியாக்களில் பிற செல்களுக்குள் புரதத்தைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்வதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உயிரை ஓர் அறிவு வடிவமைத்தது என்ற கருத்தைப் பள்ளி அறிவியல் வகுப்பில் சேர்த்தது பற்றி 2005-ல் அமெரிக்காவின் டோவரில் நடந்த வழக்கில் பெஹியே சாட்சி சொன்னார். அதன் பிறகும் அந்தக் கருத்து அறிவியல் அல்ல என்றுதான் தீர்ப்பு வந்தது. இவ்வளவும் தெரிந்த நீங்கள் பிள்ளைகளிடம் பாதியை மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள். இப்போதுள்ள பிரதிகளுக்கு ஒரு திருத்தத் தாள் அனுப்புங்கள், ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை