கப்பல் போன திசைக்கெல்லாம் புத்தகம் தேர்ந்து தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நான் நிலக்கரி, தானியம் போன்ற சரக்கை மொத்தமாக ஏற்றும் பல்க் கேரியர் கப்பலில் செகண்ட் ஆபீசர். காண்ட்ராக்ட் முடிந்து தூத்துக்குடி வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தமுறை கப்பல் தொட்ட கரைகளுக்கெல்லாம் பொருத்தமான புத்தகம் ஒன்று என் கேபினில் இருந்தது. அவற்றைத் தேர்ந்து தந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நேரில் நன்றி சொல்ல முடிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

கப்பல் வேலை என்றால் ஊர் ஊராகப் பார்க்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். துறைமுகத்தில் சரக்கு ஏறி இறங்கும் நேரத்தில் எனக்கு வாட்ச், அதாவது முறைப்பணி, இருக்கும். மிச்ச நேரத்தில் கடல் வரைபடமான சார்ட்டைத் திருத்த வேண்டும், அடுத்த பயணத்துக்கு வழித்திட்டமான பாசேஜ் பிளான் போட வேண்டும். சில துறைகளில் கரை இறங்க அனுமதியே இல்லை. கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் ஒவ்வொரு கரைக்கும் அட்மிரால்டி செய்லிங் டைரக்ஷன்ஸ் புத்தகம் உண்டு. ஆழம், நீரோட்டம், காற்று, கலங்கரை விளக்கம் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஊர்க்காரர்களின் மனசு இருக்காது. அதற்கு வேறு புத்தகம் வேண்டும். ஆனால் கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரர் சொல்லும்வரை அடுத்த துறை எதுவென்று எங்கள் கேப்டனுக்கே தெரியாது. எதை எடுத்துப் போவது?

இதற்கு வழி கண்டுபிடித்தவர் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் நூலகர் அக்கா. அட்லஸை மேசையில் விரித்தார். "கப்பல் எங்க போகும்னு தெரியலைன்னா விடு தம்பி. சரக்கு எங்க கிடக்குன்னு சொல்லு" என்றார். நிலக்கரி என்றால் தென்னாப்பிரிக்கா, கோதுமை என்றால் கருங்கடல், சோளம் சோயா என்றால் மிசிசிப்பி என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு மலாக்கா, பாஸ்பரஸ், ஜிப்ரால்டர் என்று ஜலசந்திகளைத் தனியாகக் குறித்தார். துறை மாறினாலும் ஜலசந்தி மாறாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஏறத்தாழ எல்லா இடத்திலும் பலித்தது. கடலில் கால் நனைப்பதோடு சரி, கப்பல் ஏறியதில்லை என்று சொல்லும் ஒருவர் உலகச் சரக்குப் போக்குவரத்தை இப்படிப் பிடித்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

சிங்கப்பூரில் கப்பல் ஏறியவனுக்கு அவர் கொடுத்த முதல் புத்தகம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் சுமத்திராவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர் சிங்காரம். நாவல் 1972இல் வந்தது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை என் வாட்ச். வலப்பக்கம் வானத்தில் பினாங்கின் வெளிச்சம், இடப்பக்கம் இருட்டில் சுமத்திரா. ரேடார் திரை முழுக்கக் கப்பல்கள். அதே நீரில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் புயலோடு போராடியவர்களைப் படித்துவிட்டு நிற்கும்போது, எங்கள் கப்பலின் இரும்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று உறைத்தது.

டர்பனுக்குச் 'சத்திய சோதனை', ரா. வேங்கடராஜுலுவின் தமிழில். பள்ளியில் பாடமாகப் படித்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். அக்கா அடையாளத்தாள் வைத்திருந்தது வேறு இடத்தில். 1896 டிசம்பரில் மனைவி மக்களோடு காந்தி வந்த கூர்லாண்ட் கப்பலை டர்பனுக்கு வெளியே தனிமைப்படுத்தி, 23 நாள் யாரையும் இறங்கவிடாமல் நிறுத்தினார்கள். பம்பாயில் பிளேக் என்பது சொன்ன காரணம். இந்தியர்களைத் திருப்பி அனுப்புவதே நோக்கம். 1897 ஜனவரி 13இல் இறங்கியவரைக் கூட்டம் அடித்தது. போலீஸ் சூப்பரின்டெண்டெண்டின் மனைவி அலெக்சாண்டர் அம்மையார் குடையை விரித்துக் குறுக்கே நின்று காப்பாற்றினார். நாங்களும் அதே டர்பனுக்கு வெளியே நங்கூரம் போட்டு, துறையில் நிற்கும் இடமான பெர்த்துக்காகக் காத்துக் கிடந்தோம். கரையின் விளக்குகள் தெரிந்தன. காந்தியும் கஸ்தூரிபாவும் பிள்ளைகளும் பார்த்த கரை. அந்த அடையாளத்தாளுக்காகவே அக்காவுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

டர்பன் மாலுமிகள் மையத்தில் தன்னார்வலராக இருக்கும் அம்மா ஒருவருக்கு அடுத்த நன்றி. அடுத்த துறை தெரியாது என்று சொன்னேன். "தானியக் கப்பல்தானே, என்றைக்காவது அங்கே போவாய்" என்று அலமாரியிலிருந்து மார்க் ட்வெய்னின் 'லைஃப் ஆன் தி மிசிசிப்பி' எடுத்துக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

அட்லாண்டிக்கில் ஏறி வரும்போது எங்கள் சீஃப் ஆபீசர், ஆலப்புழைச் சேட்டன், டார்வினின் பீகிள் கப்பல் பயண நூலைத் தந்தார். கனேரித் தீவுகளை நெருங்கும் நாளுக்காகவே எடுத்து வைத்திருந்தாராம். டார்வின் இயற்கையியலாளர் ஹம்போல்ட்டைப் படித்துவிட்டு டெனெரீஃப் தீவைக் காண ஏங்கியவர். அதைப் பற்றிய பகுதிகளைக் கையால் எழுதி நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியவர். 1832 ஜனவரியில் பீகிள் அங்கே சேர்ந்தபோது, இங்கிலாந்தில் காலரா என்பதால் பன்னிரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். கேப்டன் ஃபிட்ஸ்ராய் நிற்காமல் பாயை விரித்துவிட்டார். டார்வின் முதலில் கால் வைத்தது கேப் வெர்டி தீவுகளில். அங்கே அவருடன் இருந்தது, ஃபிட்ஸ்ராய் பரிசாகக் கொடுத்த லயெலின் புவியியல் நூல். அதன் இரண்டாம் தொகுதி பின்னால் மொண்டேவிடியோவில் அவர் கையில் கிடைத்தது. டெனெரீஃப்பின் டெய்டே சிகரம் மேகத்துக்கு மேலே தெரிந்த காலையில் சேட்டன் என்னை பிரிட்ஜ் விங்குக்குக் கூப்பிட்டுக் காட்டினார். "டார்வினுக்கும் இவ்வளவுதான் கிடைத்தது" என்றார். சேட்டா, கரை இறங்காத துறைகளைப் பற்றி என் மனத்திலிருந்த கசப்பு அன்றைக்குக் குறைந்தது.

பாஸ்பரஸுக்குத் துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் இஸ்தான்புல் நினைவுநூல், ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில். அந்த ஜலசந்தியில் போகும் கப்பல்களை எண்ணும் தன் பழக்கத்தைப் பற்றி அதில் பாமுக் எழுதுகிறார். கரையில் இருப்பவர்களுக்கு அது ஒரு மனிதரின் விசித்திரப் பழக்கம். எனக்கு அப்படியில்லை. சுமார் 31 கிலோமீட்டர் நீளம், ஒடுங்கிய இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். யெனிகோய் திருப்பத்தில் கப்பலை எண்பது டிகிரி திருப்ப வேண்டும். வழிகாட்டக் கப்பலில் ஏறும் பைலட் சொல்லும் ஒவ்வொரு ஆர்டரையும் சுக்கான் பிடிப்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கையில், வீட்டு ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போயின. அவற்றில் ஏதோ ஒன்றில் யாரோ எங்களையும் எண்ணியிருப்பார். குப்புசாமி ஐயாவுக்கும், வேங்கடராஜுலுவைப் போல இப்போது இல்லாத மொழிபெயர்ப்பாளர்களுக்கும் என் வணக்கம். வாட்ச் முடிந்து விடிகாலையில் களைத்துப் படுப்பவனுக்குத் தாய்மொழியில் படிப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்களிடம் நேரில் சொல்ல ஆசை.

ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவில் மட்டும் சில மணி நேரம் இறங்க முடிந்தது. அதற்கான புத்தகம் திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் பாய் கொடுத்தது. கருங்கடல் என்று சொன்னதும் குவியலின் அடியிலிருந்து ரோமானியக் கவிஞர் ஓவிடின் கவிதைகளை உருவித் தந்தார். ரோமிலிருந்து கி.பி. 8இல் அகஸ்டஸ் நாடுகடத்திய ஓவிட் இறக்கும்வரை இருந்த டோமிஸ், இன்றைய கான்ஸ்டன்ட்சா. ஒயின் உறைந்து ஜாடியின் வடிவில் நிற்கும், அதைத் துண்டு துண்டாகத்தான் கொடுப்பார்கள் என்று அவர் புலம்புகிறார். நான் பார்த்ததோ சுள்ளென்ற வெயிலும், கடற்கரைக்குத் துண்டோடு போகும் குடும்பங்களும். சதுக்கத்தில் 1887இல் வைத்த அவர் சிலை தலைகுனிந்து நிற்கிறது. அங்கே நின்று ஒரு கவிதையைத் தமிழ் உச்சரிப்போடு சத்தமாக வாசித்தேன். வீட்டைப் பிரிந்தவனின் வரிகள் அவை. பாய், அந்தப் புத்தகத்துக்கு நீங்கள் கேட்ட விலை ரொம்பக் குறைவு.

மிசிசிப்பிக்கும் போனோம், டர்பன் அம்மா சொன்னபடியே. கடல் முகத்திலிருந்து பேட்டன் ரூஜ் துறைமுகம் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மூன்று பைலட் குழுக்கள் மாறி மாறி ஏறுகின்றன. 1859இல் பைலட் லைசென்ஸ் வாங்கிய ட்வெய்ன், இருட்டில் ஆற்றின் வடிவத்தை மனத்திலிருந்தே எடுத்து ஓட்டக் கற்றதைச் சொல்கிறார். எங்கள் பைலட்டும் கையில் கருவி இருக்க, கண்ணைக் கரையை விட்டு எடுக்கவில்லை.

கப்பல் போகாத ஊர் ஒன்றையும் படித்தேன். எங்கள் போசன், அதாவது தள மாலுமிகளின் தலைவர், பிலிப்பினோ. "நீ எல்லா ஊரையும் படிக்கிறாய், பக்கத்து கேபின்காரன் ஊரைப் படித்தாயா?" என்று கேட்டார். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் 'நோலி மே தாங்கரே' நாவல் பற்றி அவர்தான் சொன்னார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே ரிசாலின் நூல்கள் எல்லா மாணவர்க்கும் பாடம். பாதிரியார் கதாபாத்திரங்களைப் போசன் நடித்தே காட்டுவார். கூட உண்டு உறங்கியவர்களின் நாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. போசனுக்கு நன்றி என்று சொன்னால் அது போதாது.

நடுவில் கப்பல் ஏற வந்த நெல்லைக் கேடட் தம்பிக்கும் சொல்ல வேண்டும். விமானத்தில் தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு, என் உடன்பிறந்த அக்கா கட்டிக் கொடுத்த புத்தகப் பொட்டலத்தைச் சுமந்து வந்தவன் அவன்.

என் சொந்தப் புத்தகங்களைக் கப்பலின் மெஸ் ரூம் அலமாரியில் வைத்துவிட்டேன்; நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நூலகர் அக்கா, அடுத்த காண்ட்ராக்ட் இரும்புத் தாது என்று கம்பெனியில் சொல்கிறார்கள். பிரேசிலாக இருக்கலாம், ஆஸ்திரேலியாவாகவும் இருக்கலாம். வரும் சனிக்கிழமை நூலகத்துக்கு வருகிறேன். அட்லஸை எடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தூத்துக்குடித் தம்பி