அப்பா வீட்டுக்கு ஆயிரம் நோட்டீஸ்

திருச்சிராப்பள்ளி,
ஆனி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மும்பைப் பக்கம் உன் டோம்பிவிலியில் மழை பிடித்துக்கொண்டதையும், பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம். அச்சகத்தை மருமகன் பார்த்துக்கொள்கிறார் என்றாலும் காலையில் ஒரு நடை போய் மை வாசனையை நுகர்ந்துவிட்டு வராவிட்டால் எனக்குப் பொழுது விடிந்ததாகத் தோன்றுவதில்லை.

இங்கே திருச்சி கே.கே. நகரில் இருக்கும் உன் அப்பாவின் வீட்டை விற்க முடிவெடுத்திருப்பதாகவும், அதற்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது இந்தக் காலத்தில் காகிதத்துக்குப் பிடித்த கேடு என்று உன் மகன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அச்சுத் தொழில் செய்கிறவனிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்ற உன் கேலியையும் படித்தேன். உன் மகன் சொல்வதில் பாதி சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். செய்தித்தாளைப் பிரித்தவுடன் மடியில் விழுகிற வழவழப்பான மனைப்பிரிவு விளம்பரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசுகிறார். அது வேறு சரக்கு; உனக்கு வேண்டியது வேறு.

பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025இல் திறக்கப்பட்டதிலிருந்து, அதற்குத் தெற்கே எங்கே கல் நட்டாலும் ‘முனையத்துக்கு மிக அருகில்’ என்று நோட்டீஸ் வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு விமான நிலையத்தின் புதிய முனையம் செயல்படத் தொடங்கியபோது இதே வாசகம் அதன் பெயரில் வந்தது. கணினியில் வரைந்த நுழைவு வளைவு, ஐரோப்பிய நகரத்துக்குரிய மரங்கள், முன்பதிவு செய்வோருக்குத் தங்க நாணயம், இடத்தைப் பார்த்துவர இலவச வேன், மதிய உணவு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டு ஊர் முழுவதும் வீசுவதற்குக் காரணம் உண்டு: விற்க வேண்டியது ஒரு மனையல்ல, நூறு மனை, வீசுகிற வலையில் சிலர் விழுந்தாலும் செலவு கட்டுப்படியாகிவிடும்.

அந்த நோட்டீஸ்களிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது என்பதை அச்சகத்துக்குள் இருந்தே பார்த்தேன். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன்பின் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று பெருமையாக அச்சிட்டுக்கொண்டிருந்தவர்கள் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி எண்ணைத் தேடி அலைந்தார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கொண்டோ அமைகிற திட்டங்களைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்றும், விளம்பரத்தில் பதிவெண்ணையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தின் பார்வையில் விளம்பரம் என்பதில் நோட்டீஸும் சுற்றறிக்கையும் அடங்கும். நோட்டீஸில் சொன்னது பொய்யென்றால், அதை நம்பி முன்பணம் கொடுத்தவர் இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். ஆகையால் இப்போதெல்லாம் பதிவெண் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க எறும்புக்குத்தான் கண் போதும். யாரேனும் உனக்கு மனை நோட்டீஸைக் காட்டினால் வளைவுப் படத்தை விட்டுவிட்டு அந்த அடிவரியை மட்டும் படி.

உன்னுடையது தனி வீடு, கட்டி முடித்துப் பல காலம் குடியிருந்தது, ஆகவே இந்தப் பதிவு விதி உனக்குப் பொருந்தாது. உனக்குத் தேவை ஒரே ஒரு வாங்குபவர். அவர் எங்கே இருக்கிறார் என்று யோசித்துப் பார். கே.கே. நகரில் வீடு வாங்க விரும்புகிறவர் பெரும்பாலும் அந்தப் பகுதியை ஏற்கெனவே அறிந்தவர்: இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவர், மகளைப் பக்கத்தில் குடிவைக்க நினைக்கும் பெற்றோர், பெல் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்யப்போகும் ஊழியர், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் அப்பா அம்மாவை விட்டிருக்கும் மகன். இவர்களில் கடைசியாகச் சொன்னவரின் கதை சுவையானது. அவர் கையில் நம் நோட்டீஸ் ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை; அவருடைய அப்பாவின் கையில்தான் கிடைக்கும். அப்பா அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மகன் அங்கிருந்தபடி, ‘நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்பார். இணையத்தில் போடுகிற விளம்பரம் வீடு தேடிக்கொண்டிருப்பவரின் கண்ணில்தான் படும். தேடாதவர் வீட்டு வாசலுக்கும் போவது காகிதம்தான், அந்தத் தேடாதவருக்குத் தேடுகிற மகனோ தம்பியோ இருப்பான். இணையத்தில் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் மகன் அதைச் செய்யட்டும், இதை நான் செய்கிறேன்.

ஆகவே ஊர் முழுவதற்கும் வேண்டாம். கே.கே. நகரும் அதை ஒட்டிய தெருக்களும் போதும். ஆயிரம் நோட்டீஸ் தாராளம். ஒற்றை வண்ணத்தில் சாதாரண மேப்லித்தோ தாளில் ஐந்நூறு அடித்தாலே போதுமென்று சொல்லியிருப்பேன், ஆனால் அந்தத் தாளில் புகைப்படம் கரிபூசியதுபோல் வந்துவிடும். பல வண்ண வேலையைச் சிவகாசியில் பிறருடைய வேலைகளோடு ஒரே அச்சுத் தகட்டில் சேர்த்து ஓட்டுவதால், ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. அளவு ஏ5, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர், 130 ஜி.எஸ்.எம். கனமுள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் மடித்துச் சட்டைப்பையில் வைத்தாலும் சிதையாது.

புகைப்படம் பற்றி ஒரு வேண்டுகோள். சென்ற முறை வந்தபோது எடுத்ததாகச் சொல்லி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியவை அச்சுக்கு உதவா. அந்தச் செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. மூலப்படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பு, அல்லது விட்டுவிடு. நான் ஒரு காலை வேளையில் போய் எடுத்துவருகிறேன். வாசல் தெற்கு பார்த்தது, காலை வெளிச்சத்தில் நன்றாகவே வரும்.

தெற்கு வாசலைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். ‘தெற்கு பார்த்த வீடு’ என்று அச்சிட்டால் பலர் தொலைபேசியைத் தொடவே மாட்டார்கள், அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடக் கூடாது. போட்டாலும் போடாவிட்டாலும் அழைப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மறைத்தால் பத்துப் பேருக்குப் பத்து முறை சொல்லிச் சலித்துப்போவாய். தெற்கு வாசலைப் பொருட்படுத்தாதவர்களும், தங்கள் ராசிக்கு அதுவே உகந்தது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம் தெருக்குத்து. உன் வீட்டுக்கு எதிரே எந்தத் தெருவும் வந்து முட்டுவதில்லை. ‘தெருக்குத்து இல்லை’ என்ற ஒரு வரி, அழகான மூன்று வரிகளைவிட அதிக வேலை செய்யும்.

மற்றபடி எழுத வேண்டியவை எண்களும் ஆவணங்களும். மனை 40-க்கு 60, 2400 சதுர அடி. எங்கள் பக்கத்தில் சென்ட் கணக்கில் கேட்பவர்களுக்காக ஐந்தரை சென்ட் என்றும் போடலாம். கட்டடப் பரப்பு, கட்டிய ஆண்டு, தெருவின் அகலம், மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, கார் நிறுத்த இடம் ஆகியவை வேண்டும். வீட்டின் வயதைக் குறைத்துக் காட்ட ஆசை வரும். சொத்து வரி ரசீதும் வரைபட அனுமதியும் பேசிவிடும் என்பதை நினைவில் வை. ‘அவசர விற்பனை’ என்ற சொல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் படித்தவன் தொலைபேசியை எடுக்கும் முன்பே விலையில் ஒரு பகுதியை வெட்டிவிடுவான்.

கதவு எண்ணையும் போட வேண்டாம் என்பது என் கட்டாயமான கருத்து. பூட்டிக் கிடக்கும் வீடு என்பதை ஆயிரம் தாளில் அச்சிட்டுத் திருடனுக்கு அழைப்பு வைக்கக் கூடாது. தெருப் பெயரும் ஓர் அடையாளமும் போதும். கியூஆர் குறியீடு வைத்தாலும் அது வீட்டின் உள்படங்களைக் காட்டட்டும், இருப்பிடத்தை அழைத்துப் பேசிய பிறகு கொடுக்கலாம். அதேபோல் உன் சொந்த எண்ணுக்குப் பதிலாகப் புதிய சிம் ஒன்றை வாங்கிப் போடு. வீடு விற்ற பிறகும் ஓராண்டு காலம் தரகர்கள் அழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

‘தரகர்கள் மன்னிக்கவும்’ என்று போடச் சொல்லியிருந்தாய். போட்டாலும் அவர்கள் வாங்குபவரின் மைத்துனர் என்று சொல்லிக்கொண்டு அழைப்பார்கள். அந்தப் பகுதியில் நெடுங்காலமாக இருக்கும் தரகரிடம் ஆள் இருந்தால் அவருக்கு ஒரு சதவீதம் கொடுப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. விகிதத்தை முதலிலேயே பேசி முடித்துக்கொள்.

விலையைப் போடுவதா, ‘விலை நேரில்’ என்று விடுவதா என்பதில்தான் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வரும் என்று நினைக்கிறேன். நான் போடச் சொல்கிறேன். விலை இல்லாத நோட்டீஸுக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி, தன் வீடு என்ன விலை போகும் என்று அறிய விரும்பும் அண்டை வீட்டாருடையது. பலர் விலையை அச்சில் காட்டத் தயங்குவதற்கு வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு: பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற பழக்கம். நீ அந்த வழிக்குப் போகமாட்டாய் என்பதை அறிவேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினாலே வருமான வரிச் சட்டப்படி அதே தொகையை அபராதமாகக் கட்ட நேரிடும். வாங்குபவருக்கோ முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதம் தனிச் செலவு இருக்கிறது. அவரும் மொத்தத்தைக் கணக்கிட்டுத்தான் அழைப்பார். விலையைத் தெளிவாகப் போட்டுப் பக்கத்தில் ‘பேசித் தீர்மானிக்கலாம்’ என்று சேர்த்தால், வருகிற அழைப்புகள் குறையும். வருகிறவர் வாங்கக்கூடியவராக இருப்பார்.

விநியோகத்தை நான் இப்படி நினைத்திருக்கிறேன். பாதியை நாளிதழ் ஏஜென்டிடம் கொடுத்து அந்தத் தெருக்களுக்குப் போகும் தாள்களில் மட்டும் வைக்கச் சொல்வோம். விடியும் முன் கட்டுப் பிரிக்கும் இடத்தில் ஒருவர் நின்று பார்க்காவிட்டால் நம் கட்டு அப்படியே எடைக்குப் போகும் வாய்ப்பு உண்டு என்பதால், அச்சகத்துப் பையனை அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று ஒரே தாளுக்குள் துணிக்கடை, நகைக்கடை, மனைப்பிரிவு என்று நான்கைந்து நோட்டீஸ்கள் இருக்கும், மொத்தமாக உருவி எறிந்துவிடுவார்கள். மீதிப் பாதி கைக்குக் கை போக வேண்டும். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடை, மருந்துக் கடை, அடுக்ககக் காவலாளிகள் ஆகியோரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். எந்த வீட்டில் மகளுக்கு வரன் முடிந்தது, யார் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் இஸ்திரிக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இணையதளத்துக்கும் தெரியாது. சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டுகிற யோசனையை மட்டும் விட்டுவிடு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்தவர் சுவரில் பசை பூசியவனுடைய வீட்டை வாங்க யாருக்கும் மனம் வராது.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் நீ முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அம்மாவும் இல்லாத நிலையில் உனக்கும் உன் தங்கைக்கும் சம பங்கு. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் நடக்கும். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவை கையில் இருக்கும்போது ‘ஆவணங்கள் அனைத்தும் தயார்’ என்று நான் அச்சிடுகிறேன். இல்லாமல் அச்சிட மாட்டேன். தங்கைக்கு விலையையும் சேர்த்துச் சொல்லிவிடு. அவர் அந்தத் தொகையை முதன்முதலில் நோட்டீஸில் பார்த்துத் தெரிந்துகொள்வது முறையல்ல.

இன்னும் சில நாளில் ஆடி பிறந்துவிடும்; அந்த மாதத்தில் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். ஆவணங்களுக்கு அந்த அவகாசம் சரியாக இருக்கும். ஆவணி முதல் வாரத்தில் நோட்டீஸ் வெளியே போகும்படி, ஆடிக் கடைசியில் சிவகாசிக்கு அனுப்புவேன். அதற்கு முன் திருத்திப் பார்ப்பதற்கான மாதிரி அச்சு (புரூஃப்) உனக்கு வரும். எழுத்துப்பிழையை நான் பார்த்துக்கொள்வேன். தொலைபேசி எண்ணையும் விலையையும் மட்டும் உன் மகனை உரக்கப் படிக்கச் சொல்லி நீ சரிபார்த்து, தங்கையின் சம்மதத்தோடு திருப்பி அனுப்பு.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன் நண்பன்.