கேமரா புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பிதழில் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு என்று வெளியான புராஜெக்ட் யோசனைகளைப் படித்தேன். முகத்தைப் பார்த்து வருகை பதியும் கேமரா, தலைக்கவசம் போடாதவரைக் கண்டுபிடிக்கும் கேமரா, ஓட்டுநர் கண்ணயர்ந்தால் அலறும் கேமரா. பட்டியலில் பாதிக்கு மேல் கேமராதான். எனக்குச் சந்தோஷமே, லினக்ஸ் இயங்குதளத்தில் கேமரா டிரைவர் எழுதிப் பிழைப்பவள் நான். ஆனால் மாணவர் எழுதும் பைதான் நிரலுக்கும் கேமராவுக்கும் நடுவே கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், உட்கார்ந்து கேமராவை இயக்கும் அந்த டிரைவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாதாரணச் செயலி தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் தப்புச் செய்தால் மொத்த இயந்திரமும் விழும். விழாமல் போனால் இன்னும் மோசம்: கேட்கத் தெரிந்தவர் கையில் நிர்வாகி அதிகாரத்தையே கொடுத்துவிடும். கேமரா, டிவி டியூனர் போன்றவற்றை இயக்கும் மீடியா டிரைவர்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஒரு வெப்கேமிலிருந்து படம் வர, செயலி முதலில் பஃபர் (படத்தை வாங்கி வைக்கும் நினைவக இடம்) கேட்க வேண்டும், அதை வரிசையில் போட வேண்டும், ஓட்டத்தைத் தொடங்க வேண்டும், நிரம்பிய பஃபரை எடுக்க வேண்டும், கடைசியில் நிறுத்த வேண்டும். ஒழுங்கான செயலி இந்த வரிசையில்தான் கேட்கும். டிரைவர் எழுதும் நாங்களும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் சோதிப்போம். தொடங்காத ஓட்டத்தை நிறுத்தச் சொன்னால்? ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் மூடினால்? படம் ஓடும்போது யாராவது வயரைப் பிடுங்கினால்? உட்கார்ந்து யோசித்து எழுதும் சோதனைகளில் இதெல்லாம் முழுசாக வராது.

அதற்குத்தான் ஃபஸ்ஸிங். கன்னாபின்னாவென்று உள்ளீடு கொடுத்து, எங்கே உடைகிறது என்று பார்ப்பது. 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தன் மாணவர்களுக்குக் கொடுத்த வகுப்புப் பணியிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. இன்று லினக்ஸ் கெர்னலுக்கு இந்த வேலையைச் செய்யும் முக்கியக் கருவி சிஸ்காலர். கூகுளில் திமித்ரி வியுகோவ் தொடங்கியது. அது கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில்லை. செயலி கெர்னலிடம் செய்யும் எந்த அழைப்பு என்னென்ன கேட்கும் என்ற விவரத்தை வைத்துக்கொண்டு, அவற்றை மெய்நிகர் கணினிக்குள் கலைத்துப்போட்டு ஓட்டுகிறது. எந்தக் கலவை கெர்னலில் இதுவரை போகாத வரிகளுக்குப் போகிறது என்பதைக் கேகோவ் என்ற கெர்னல் வசதி சொல்லும். சிஸ்காலர் அந்தக் கலவையைப் பத்திரப்படுத்தி அதையே மேலும் மாற்றும். விடுவித்துவிட்ட நினைவகத்தை டிரைவர் மறுபடி தொட்டால், நினைவகத் தப்புகளைக் கவனிக்கும் கேசான் என்ற இன்னொரு கெர்னல் வசதி கையும் களவுமாகப் பிடித்துச் சிவப்புக்கொடி காட்டும். நினைவகம் கேட்கும்போது வேண்டுமென்றே இல்லை என்று சொல்லவைக்கும் வசதியும் உண்டு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. 'இது எங்கே நடக்கப்போகிறது' என்று நாங்கள் அவசரமாக எழுதிய வரிகளெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

உதாரணத்துக்கு விவிட். ஹான்ஸ் வெர்கைல் எழுதிய இந்தப் போலிக் கேமரா டிரைவர், 2014 டிசம்பரில் வெளியான 3.18 கெர்னலோடு வந்தது. நிஜக் கேமரா எதுவும் வேண்டாம். ஏற்றியவுடன் வண்ணப் பட்டைகளைப் படமாக அனுப்பும். செயலி எழுதுபவர்கள் பழகிப் பார்ப்பதற்கென்றே செய்தது. 2019-இல் அலெக்சாண்டர் போபோவ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சிஸ்காலரை ஓட்டியபோது அந்த டிரைவரே விழுந்தது. காரணம் படிக்கச் சுவாரசியமானது. ஓட்டத்தை நிறுத்தும் பகுதி, படம் தயாரிக்கும் த்ரெட் முடிந்து வெளியேறட்டும் என்று தன் கையிலிருந்த பூட்டை (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் தொடட்டும் என்று நிரலில் போடுவது) சற்று நேரம் திறந்துவிடுகிறது. வெளியே போகிறவருக்காகக் கதவைத் திறந்தால் வேறொருவர் நுழைந்துவிடுகிற கதைதான்: அந்த இடைவெளியில் இன்னொரு படிப்பு அழைப்பு பூட்டைப் பிடித்துக்கொண்டு பஃபர் வரிசையைக் கலைத்துவிடும். இதே தவறு டிரைவருக்குள் மூன்று இடங்களில் இருந்தது. பாதுகாப்புப் பிழைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-18683 என்று எண் கொடுத்தார்கள். இதை வைத்துச் சாதாரணப் பயனர் நிர்வாகியாக மாற முடியும் என்பதையும் போபோவ் செய்து காட்டினார். ஏறத்தாழ ஐந்து வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது. விவிட் எல்லாக் கணினியிலும் தானாக ஏறாது என்பது ஒரு ஆறுதல்.

யுஎஸ்பி பக்கம் போனால் ஆறுதலுக்கு இடமில்லை. வெப்கேமைச் செருகியதும் அது தன்னைப் பற்றி ஒரு விவரக் குறிப்பைக் கணினிக்கு அனுப்பும்: இந்த வடிவத்தில் படம் தருவேன், இந்த அளவுகளில் தருவேன் என்று. கேமரா பொய் சொல்லாது என்று நம்பி எழுதிய டிரைவர்கள் ஏராளம். 2017-இல் ஆந்த்ரே கொனவாலொவ் சிஸ்காலரையே போலி யுஎஸ்பி கருவியாக நடிக்கவைத்தபோது, டிவி டியூனர், ரிமோட் ரிசீவர் என்று மீடியா டிரைவர்கள் வரிசையாகச் சரிந்தன. அப்படியும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பெரும்பாலான யுஎஸ்பி வெப்கேம்கள் நம்பியிருக்கும் யுவிசி என்ற பொது டிரைவரில் 2008-இலிருந்தே இருந்த ஒரு பிழை 2024 கடைசியில்தான் திருத்தப்பட்டது. செர்பியாவில் ஒரு மாணவச் செயற்பாட்டாளரின் பூட்டிய ஆண்ட்ராய்டு போனைத் திறக்கப் பயன்பட்ட பிழைகளைப் பற்றி அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2025 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி டிரைவர்களில் இருந்த அந்தப் பிழைகளில் இந்த யுவிசி பிழையும் ஒன்று. கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். சரி, ஒட்டுங்கள். ஆனால் இங்கே தாக்கவந்தது கேமராவே இல்லை, கேமரா என்று சொல்லிக்கொண்ட வேறொரு கருவி.

இப்போது மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிகளில் புராஜெக்ட் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். யாராவது டிரைவரை ஃபஸ்ஸிங் செய்து பார்க்கலாமே என்று நான் சொன்னால், வழிகாட்டி ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அவுட்புட்டா என்ன மேடம் காட்டுறது?" நியாயமான கேள்விதான். கறுப்புத் திரையில் கேசான் கக்கிய நாற்பது வரி அழகாக இருக்காது. ஆனால் அந்த வரிகளில் எல்லாம் இருக்கும்: நினைவகத்தை யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார், அதற்கப்புறமும் யார் தொட்டார். அதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசத் தெரிந்த மாணவரை எந்தக் கம்பெனி நேர்காணலிலும் தைரியமாக உட்காரவைக்கலாம். இணையத்தில் எடுத்த முக அடையாள நிரலை ஓட்டிக் காட்டியவரைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

செலவும் பெரிதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் ஓரளவு நல்ல கணினி போதும், கேமராகூட வேண்டாம். கேசான் போட்ட கெர்னல் மெதுவாக ஓடும், நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இது ஹேக்கிங் ஆகாதா, போலீஸ் வராதா என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். தன் கணினிக்குள் தானே ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்தைத் தானே கவிழ்ப்பதற்கு யாரும் வரமாட்டார்கள்.

புதுப் பிழை கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. உண்மையைச் சொன்னால், கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது, திருத்தத்தான் இல்லை. கூகுளின் சிஸ்பாட் என்னும் தானியங்கி இரவு பகலாகக் கெர்னலை ஃபஸ்ஸிங் செய்து, கிடைத்ததையெல்லாம் பொதுவில் பட்டியல் போடுகிறது. மீடியா பகுதிக்குத் தனிப் பட்டியலே உண்டு. பல பிழைகளுக்கு, அதை மறுபடி வரவைக்கும் சிறு சி நிரலும் கூடவே கிடைக்கும். மாணவர் அதை எடுத்து ஓட்டி, காரணத்தைப் புரிந்துகொண்டு, பேட்ச் (திருத்தும் நிரல் துண்டு) எழுதிச் சிஸ்பாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், பிழை போய்விட்டதா என்று அதுவே சோதித்துச் சொல்லும்.

இங்கேதான் ஒரு கண்டிப்பும் வேண்டும். சோதனை தேறிவிட்டது என்பதற்காகப் பேட்சை அனுப்பிவிடக் கூடாது. சுட்டி (நினைவக இடத்தைக் காட்டும் மாறி) காலியாக இருந்தால் திரும்பிப் போ என்று ஒரு வரி சேர்த்தால் கிராஷ் நின்றுவிடும், பிழை அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட பேட்சுகளைப் படித்துத் திருப்பி அனுப்பியே மீடியா பகுதியின் பராமரிப்பாளர்கள் அலுத்துப்போயிருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கையும் குறைவு. சுட்டி ஏன் காலியானது என்று நாலு வாக்கியத்தில் எழுதத் தெரியாதவரை அனுப்பவிடாதீர்கள் என்று வழிகாட்டி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண்ணை ஏற்கப்பட்ட பேட்சுக்குக் கொடுக்காமல் அந்த நாலு வாக்கியத்துக்குக் கொடுங்கள். ஏற்புக்கு மாதக்கணக்கில் ஆகலாம், செமஸ்டர் அதற்காகக் காத்திருக்காது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். விவிட்டைப் பலர் துருவிவிட்டார்கள். 2020 டிசம்பரில் வெளியான 5.10 கெர்னலோடு வந்த விட்டிவி என்ற போலி டிஜிட்டல் டிவி டிரைவர் இருக்கிறது. தொடங்குகிறவர்கள் அதை எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கேமரா டிரைவர் எழுதும் வாசகி,
கிண்டி, சென்னை.