அழைத்தவர் ஊர்த்தலைவர்தான்

ஆசிரியருக்கு,

வணக்கம். மணிப்பூரில் மார் என்ற பழங்குடி மக்கள் வாழும் மலைக் கிராமங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் சென்வோன் என்ற கிராமத்தைப் பற்றிய பகுதி, வேல்ஸ் நாட்டுக் கிறிஸ்தவ மிஷனரி இளைஞர் வாட்கின் ராபர்ட்ஸ் 1910இல் மலையேறி வந்த பிறகுதான் அந்த ஊருக்கு வரலாறே தொடங்கியது என்பது போல எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் 'தலைவெட்டிகள்' என்று ஒரே ஒரு சொல். கட்டுரையாளர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

ராபர்ட்ஸ் தானாகக் கிளம்பிப் போகவில்லை. லுஷாய் மலையில், அதாவது இன்றைய மிசோரத்தில், ஐசாலில் இருந்தபடி, லுஷாய் மொழியில் அச்சான யோவான் சுவிசேஷத்தைக் கிராமத் தலைவர்களுக்கு அனுப்பிவைத்தார். சென்வோன் தலைவர் கம்கோலூனுக்கும் ஒரு பிரதி கிடைத்தது. வந்து விளக்குங்கள் என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். ராபர்ட்ஸ் அங்கே தங்கியதும் சில நாட்களே. அதன்பின் ஊரோடு இருந்து கற்றுக்கொடுத்தவர்கள் லுஷாய் மலையிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தொடக்கத்திலேயே மதம் மாறிய ஒருவரின் மகன் ரோசுங்கா புடைட்டே, 1927இல் அதே சென்வோனில் பிறந்தவர். சிறுவயதில் சுராசந்த்பூர் மிஷன் பள்ளிக்குக் காட்டுவழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நடந்து போனவர். மார் மொழியில் புதிய ஏற்பாடு 1960இல் வந்தது அவருடைய உழைப்பில்தான்.

அடுத்தது மார் மக்களின் அறுவடை விழாவான சிக்புய் ருவோய். அதை வெறும் நடனமும் வண்ணத் துணியுமாகக் காட்டியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் அந்த விழா வருடம் தவறாமல் வந்ததில்லை. போன அறுவடை நெல் குதிரில் மிச்சமிருக்கும்போதே புது நெல் வீடு வந்து சேர்ந்தால்தான் விழா. மலைச்சரிவில் காட்டை வெட்டி, காயவிட்டு, தீ வைத்து, சாம்பல் படிந்த மண்ணில் நெல் விதைக்கிற ஜூம் விவசாயத்தில் அப்படி மிஞ்சுவது சாதாரண விஷயமில்லை. ஏறத்தாழ 48 வருடத்துக்கு ஒருமுறை மூங்கில் பூத்துக் காய்க்கும். அதைத் தின்று பெருகும் எலிகள் அப்புறம் வயலுக்கும் குதிருக்கும் வந்துவிடும். 1959இல் அந்தப் பக்கத்தில் வந்த பஞ்சம் அப்படிப்பட்டதுதான். அப்படியிருக்க, நெல் மிஞ்சிய வருடத்தில் அந்த விழா ஆட்டம் எவ்வளவு பெரிய நிம்மதியில் ஆடப்பட்டிருக்கும்! இப்போது டிசம்பர் 5 என்று தேதி குறித்து வருடாவருடம் நடக்கிறது. பழைய காலத்து அரிசி மதுப் பானை மட்டும் இல்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் அதை விட்டுவிட்டார்கள். பானை போனாலும் பாட்டு போகவில்லையே, எனக்கு அது போதும்.

பராக் ஆறும் துய்வாய் ஆறும் கலக்கும் இடத்துக்கு அருகே 160 மீட்டருக்கும் மேல் உயரத்தில் திட்டமிடப்பட்ட திப்பாய்முக் அணையைப் பற்றியும், அதை மார் மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்றும் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. படத்தின் கீழே சென்வோனை சுராசந்த்பூர் மாவட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். 2016 டிசம்பரில் பெர்சோல் தனி மாவட்டமானதிலிருந்து அந்த ஊர் அதில்தான் இருக்கிறது.

- ஒரு வாசகர், தேனி