கண்மாய்க் கரைப் பாதைகளை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கம் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவன் நான். 40 மி.மீ. அகல டயர் போட்ட கிராவல் பைக் (மண், சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஒன்று இருந்தால் போதும், நான்குவழிச் சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டாமல் கண்மாய்க் கரை, வண்டிப்பாதை என்றே பிடித்து அரிட்டாபட்டி, மாங்குளம் பக்கமெல்லாம் சுற்றி வரலாம்.

சும்மா ஊர்களா அவை! மாங்குளத்தை ஒட்டிய மீனாட்சிபுரம் மலைக்குகையில், மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி பாறை நெற்றியில் வெட்டிய காடிக்குப் பக்கத்தில், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிற, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, 2,000 வருஷத்துக்கும் மேலே பழசு. கீழே சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள். அரிட்டாபட்டியில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் இந்த இடம்தான். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்யவைத்ததை நாடே பார்த்தது.

இப்போது என் கவலை கரைப் பாதைகள் பற்றி. எங்கே பார்த்தாலும் சிமெண்ட் போடுகிறார்கள். ஊருக்குள் போடுங்கள், பஸ் வரவும் ஆம்புலன்ஸ் வரவும் ரோடு வேண்டும்தான், சரி. ஆனால் ஆடு மாடு நடக்கிற, பனைமரம் நிற்கிற கரையை மண்ணும் சரளையுமாகவே விட்டு, மழைக்கு அரித்த இடத்தை மட்டும் நிரவிவிட்டால் என்ன? அப்புறம், கல்வெட்டு இருக்கிற மலைக்குப் பிரியும் இடங்களில் தமிழில் ஒரு வழிகாட்டிப் பலகை வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை